எட்டு நாளைத் தாண்டிய புளுகு

சர்க்கரை கிளினிக்கில் நம்பர் துண்டைக் கையில் பிடித்தபடி விடியற்காலையிலிருந்து என்னோடு உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். போன மாதம் நான் என் மூன்று மருந்துகளின் பெயரையும் சாப்பிடும் நேரத்தையும் சீட்டைப் பார்க்காமல் ஒப்பித்தேன். அதைக் கேட்டு உங்களில் ஒருவர், "நீங்க சரியான கெட்டிக்காரிதான்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவருக்குக் கோபம் வந்து இரண்டு கதிரை தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார். அவர்மேல் எந்தப் பிழையும் இல்லை. அந்தச் சொல்லை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கேட்டபிறகும் பேசப் பிடித்தால் பேசுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. கண்டிக்கு மேலே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் மேல் டிவிசன், கடைசி லயம், அந்த வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா. அப்பாவும் அண்ணனும் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை. அம்மாவும் அண்ணியும் கொழுந்து எடுக்கப் போவார்கள். அந்த ஒற்றைக் காம்பராவுக்குள் இரண்டு பட்டங்களும் குடியிருந்தன. எனக்குக் கெட்டிக்காரி, அண்ணிக்கு ராசிகெட்டவள்.

என் பட்டம் சும்மா கிடைத்ததில்லை. லயத்துக்கு வரும் கடிதங்களை எல்லாம் நான்தான் வாசித்துக் காட்டுவேன். கெட்ட செய்தி இருந்தால், கேட்கிறவரின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் மாற்றியும் வாசிப்பேன். அது பொய் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அண்ணியின் பட்டத்துக்கும் பெரியவர்கள் கணக்காகக் காரணம் வைத்திருந்தார்கள். அவள் காலடி வைத்த மாதம் ஆடு செத்தது. அடுத்து அண்ணனின் சுண்டுவிரல் நுனி ஸ்டோர் மிசினில் போனது. அதற்கடுத்து முதல் குழந்தை மூன்று மாதத்தில் கண்ணை மூடியது. ஆடு பல் விழுந்த கிழட்டு ஆடு. அண்ணன் வேலை நேரத்திலும் பராக்குப் பார்க்கிறவன். இதையெல்லாம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மூன்றையும் சேர்த்துக் கோத்து அண்ணியின் கழுத்தில் போட்டுவிட்டார்கள். அண்ணியும் அதைக் கழற்றாமல் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோதுதான் நான் சொல்லும் காலம் தொடங்கியது. பள்ளிக்கூடம் விடுமுறை. யாழ்ப்பாணத்து வாத்தியார் ரயிலேறப் போகுமுன் என் தலையில் குட்டி, "நீ கெட்டிக்காரி. புத்தகத்தை மூடி வைச்சிடாத. நான் வந்து கேப்பன், ஓமோ?" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அன்றைக்கே மூடிவிட்டேன்.

அந்த மாதம் கொழுந்து எடுக்கிறவர்களைப் பாறை மலைக்கு அனுப்பினார்கள். தோட்டத்திலேயே உயரமான மலை அது. வெயில் அடித்தால் கீழே கண்டி நகரமும் குளமும் சின்னதாகத் தெரியும். மற்ற நேரமெல்லாம் பனிமூட்டமும் அட்டையும்தான். அங்கிருந்து, கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வரும் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கி ஏறுவதென்றால் ஒன்றேகால் மணி நேரம். மற்ற மலைகளில் பத்து மணிக்கும் மதியத்துக்கும் தாய்மார் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவார்கள். பாறை மலையில் அது நடக்காத காரியம்.

அண்ணி கங்காணியிடம் கேட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"அய்யா, ஒரே ஒரு தடவ எறங்கிப் பால் குடுத்துட்டு வந்துர்றேன்."

"போறதுன்னா போ தாயி. ஆனா அரப்பேருதான் போட முடியும். நா என்னா பண்றது? எனக்கு மேல கணக்கப்பிள்ள நிக்கிறாரு."

அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். எங்கள் வீட்டு உலை அந்த வருடம் முழுப் பேரிலேயே தள்ளாடிக்கொண்டிருந்தது. அண்ணி திரும்பி நிரைக்குப் போய்விட்டாள்.

பிள்ளைக்காம்பராவில் பால்மா வரவில்லை என்று கஞ்சித்தண்ணி கொடுத்தார்கள். குழந்தை அதைத் துப்பியது. தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை இருக்க வேண்டிய இடத்தில் தோல் தொங்கியது. அழுகைகூடச் சுருங்கிப்போய், பூனைக்குட்டி முனகுவதுபோல் வந்தது. முதல் குழந்தையும் இப்படித்தான் முனகியது என்று லயத்துப் பெண்கள் வாசலில் நின்று பேசினார்கள். அண்ணியின் காதில் விழும்படிதான் பேசினார்கள். மேலே மலையில் பத்து மணியானால் அண்ணியின் ரவிக்கை நனைந்துவிடும். அவள் திரும்பி நின்று, பாலைத் தேயிலைத் தூரில் பீய்ச்சிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கொழுந்து கிள்ளுவாள். ஒருநாள் சோறு கொண்டுபோன நான் அதைப் பார்த்துவிட்டேன். கீழே பிள்ளை பட்டினி, மேலே தேயிலைக்குத் தாய்ப்பால். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆத்திரம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும், அதுதான் என் வியாதி.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. கொழுந்து எடுக்கும்போது குளவிக்கூட்டைக் கண்டவள் கத்தமாட்டாள். மெல்லப் பின்னால் வந்து, நாலு தூர் தள்ளி ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, பிறகுதான் மற்றவர்களுக்குச் சொல்வாள். அந்தத் துணிக்குப் பக்கத்தில் ஒருவரும் போகமாட்டார்கள். புகை போடுகிற பெரியவர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரவேண்டும். அவர் வந்து சேர வாரக்கணக்காகும். அதுவரை கங்காணியும் கணக்கப்பிள்ளையும்கூட அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கமாட்டார்கள்.

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அண்ணியிடம் சொன்னேன்.

"அண்ணி, ஒரு எடத்துல செவப்புத் துணி கட்டிருவோம். நீங்க அதுக்குப் பக்கத்து நெரைய எடுத்துக்கங்க. நான் புள்ளயத் தூக்கிட்டு வர்றேன். கானுக்குள்ள ஒக்காந்து பால் குடுங்க. ஒரு ஆளும் வராது."

கான் என்பது மழைத்தண்ணீர் ஓட மலையின் குறுக்கே வெட்டிய வாய்க்கால். உட்கார்ந்தால் தலை தெரியாது. அண்ணி குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"மாட்டிக்கிட்டா?"

"மாட்ட மாட்டோம்."

"ஒனக்குப் பயமே இல்லையா, பாப்பா?"

"குளவி இல்லாத எடத்துல என்னா பயம்?"

போன தீபாவளிக்கு எடுத்த சிவப்புப் பாவாடை எனக்குக் குட்டையாகிப்போய்ப் பெட்டியில் கிடந்தது. அதன் ஓரத்தை ஒரு முழம் கிழித்தேன். அடுத்த நாள் காலை அண்ணி அதை இடுப்பில் செருகிக்கொண்டு போய், கான் ஓரத்துத் தூரில் கட்டிவிட்டு, "குளவி, குளவி" என்றாள். அத்தனை பேரும் விலகிக்கொண்டார்கள். ராசிகெட்டவள் கண்ணில்தானே குளவிக்கூடும் படும் என்று யாரோ சொன்னார்களாம். அந்தப் பட்டம் அன்று எங்களுக்கு உதவியது.

நான் பிள்ளைக்காம்பராவிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு, காலில் அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு, குறுக்குப் பாதையில் ஏறுவேன். அங்கே பிள்ளை பார்க்கிற ஆயாம்மாவுக்கு நாளுக்கொரு கதை. பூசாரி விபூதி போடக் கேட்டார், மாமன் வந்திருக்கிறார், அப்பா பார்க்க வேண்டுமாம். ஏறும்போது குழந்தை அழுதுவிடக் கூடாது. அழுதால் மலை முழுக்கக் கேட்கும். என் சுண்டுவிரலை அதன் வாயில் வைத்துக்கொண்டே ஏறுவேன். பல் இல்லாத அந்த ஈறு விரலைக் கவ்வி இழுக்கும் வேகம் இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது. கானுக்குள் அண்ணி காத்திருப்பாள். கால்மணி நேரம். மேலே கொழுந்து கிள்ளும் சத்தம், யாராவது இருமும் சத்தம், கங்காணியின் ஊன்றுகோல் சத்தம். குழந்தை குடித்து முடிக்கும்வரை நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம்.

கொழுந்து எடுக்கிற ஆட்கள் நாலைந்து நாளைக்கு ஒருமுறை அடுத்த நிரைகளுக்கு நகர்வார்கள். எங்கள் துணியையும் நான் கூடவே நகர்த்திக் கட்டிவிடுவேன். பழைய கூட்டைக் குளவிகள் விட்டுப் போய்விட்டன, இது வேறு கூடு என்று ஒரு புரளியைக் கிளப்பிவிட்டால் போதும். ஆளுக்கொரு பக்கம் வேலை செய்கிற மலையில் யார் கண்டது?

அம்மா என்னை எப்போது திட்டினாலும் ஒரு பழமொழியோடுதான் திட்டுவாள். "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு." எட்டாம் நாள் வந்தது.

அன்று நான் குழந்தையை அண்ணியிடம் கொடுத்துவிட்டுக் கானிலிருந்து வெளியே வந்தபோது, கங்காணி நேராகத் துணியை நோக்கி வந்துகொண்டிருந்தார். கூடு எவ்வளவு பெரியது என்று பார்த்துப் புகைக்காரருக்குச் சொல்லியனுப்ப வேண்டுமாம். இன்னும் இருபது அடி வைத்தால் கானுக்குள் அண்ணியின் முதுகு தெரியும். என் பக்கத்தில் காஞ்சொறிச் செடி நின்றது. நான் யோசிக்கவே இல்லை. இரண்டு இலையைப் பறித்து முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தேய்த்துக்கொண்டேன். நெருப்பு வைத்ததுபோல் எரிந்தது. கண்ணீர் தானாக வந்தது.

"அய்யா, போகாதீங்க! கொட்டிருச்சு!"

தடித்துச் சிவந்து கொப்புளம் கொப்புளமாக வந்த கையைப் பார்த்து அவர் பயந்துபோனார். என்னைப் பாதைவரை தூக்கிக்கொண்டு போய், மடியிலிருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்து, சுண்ணாம்பை எடுத்துத் தன் கையாலேயே பூசிவிட்டார். "இந்தப் பக்கம் ஏன் வந்த புள்ள? செத்துப் போவல்ல?" என்று அவர் குரல் நடுங்கியது. நல்ல மனுசன். அவரை ஏமாற்றியது அன்றைக்கு எனக்கு வெற்றியாகத்தான் இருந்தது.

பின்னேரம் அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தாள். அம்மாவுக்குக் காஞ்சொறித் தடிப்பும் குளவித் தடிப்பும் வேறு வேறு என்று தெரியும். "உண்மையச் சொல்லு" என்றாள். சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள்.

"எவ்வளவு மூளடி ஒனக்கு! எங்கிருந்துடி வந்துச்சு?" என்று என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தெரியும்னு ஒங்க அண்ணிகிட்ட மட்டும் சொல்லிறாத. மாமியாரு எறங்கி வந்துட்டான்னு ஆயிரும்" என்றாள்.

அம்மாவிடமிருந்து எனக்குக் கிடைத்த கடைசி ரகசியம் அதுதான். அதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். நானும் அதை அவ்வளவு அக்கறையாகக் காப்பாற்றாமல் இருந்திருக்கலாம்.

அதன்பிறகு வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. அம்மா எங்கிருந்தோ பூண்டு வாங்கி வந்தாள். சுட்ட பூண்டை அண்ணியின் தட்டோரத்தில் வைத்துவிட்டு, முகத்தை மட்டும் பழையபடி கடுகடுவென்று வைத்துக்கொள்வாள். முருங்கைக்கீரையும் அண்ணிக்குத்தான் முதலில் விழும். அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. பயந்து பயந்து சாப்பிட்டாள். குழந்தையின் தொடையில் முதல் மடிப்பு விழுந்தது. நான் அதை எண்ணிப் பார்த்துக்கொண்டே தூக்குவேன்.

அம்மாவுக்கு வலது முழங்காலில் நோவு. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கூடையோடு சுற்றி ஏறுவது அவளுக்குப் பெரும்பாடு. எங்கள் துணி பொய் என்று தெரிந்தபிறகு, எல்லாரும் சுற்றிப் போகும்போது அவள் மட்டும் ஆள் பார்க்காத நேரம் துணிக்குப் பக்கமாகவே குறுக்கே நடந்து போய்விடுவாள். என்னைக் கண்டால் கண்ணைச் சிமிட்டுவாள். என் அம்மா கண் சிமிட்டுவாள் என்பது அந்த நாட்களில்தான் எனக்குத் தெரியவந்தது.

பதினேழாம் நாள்.

அன்று காலையில் நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். பாறைக்குப் பக்கத்தில் வேறொரு பெண் உண்மையான குளவிக்கூட்டைக் கண்டாள். தலைத்துணியிலிருந்து சிவப்புத் துண்டைக் கிழித்துக் கட்டினாள். "பாறைகிட்ட குளவி" என்று நிரைக்கு நிரை சொல்லிக்கொண்டே வந்தார்கள். அம்மாவின் நிரைக்கு வந்தபோது அம்மா சிரித்தாளாம். "ஆமா ஆமா, பெரிய குளவி" என்றாளாம். துணியை நான்தான் நகர்த்தியிருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். என் துணி அன்றைக்கும் பழைய இடத்தில், கொய்யா மரத்தடியில்தான் இருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம். அம்மாவின் கண்ணுக்கு அது தெரியாது.

மதியம் நான் குழந்தையோடு மேட்டில் ஏறி நின்றேன். பனி விலகி வெயில் அடித்தது. குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் எச்சில் என் சட்டையை நனைத்து, தோளில் சூடாக இறங்கியது. கீழே கொய்யா மரம், என் துணி. கானுக்குள் அண்ணியின் தலைத்துணி நுனி. வலது பக்கம் பாறை, அங்கே இன்னொரு சிவப்பு. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நான் கட்டாத துணி என்றால் அங்கே குளவி உண்டு. அம்மா நிறைந்த கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து, அந்தத் துணியைப் பார்த்துத்தான் நடந்துகொண்டிருந்தாள். எங்களுக்கு நடுவில் பாதையில் கங்காணி, எங்கள் இருவரையும் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றார்.

கத்தியிருக்க வேண்டும். "அம்மா" என்ற ஒரு சொல் போதும். பத்து வயதுப் பிள்ளை எதுவானாலும் கத்தியிருக்கும். மக்குப் பிள்ளை கத்தியிருக்கும். நான் யோசித்தேன். கத்தினால் கங்காணி திரும்புவார். குழந்தையைப் பார்ப்பார். கானைப் பார்ப்பார். அண்ணிக்கு வேலை போகும், குழந்தைக்குப் பால் போகும். சத்தமில்லாமல் அம்மாவைத் திருப்ப ஒரு வழி வேண்டும். நான் கெட்டிக்காரி அல்லவா? வழி கிடைத்தது. குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். என்னைக் கண்டாள். நான் கையை வீசி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் சிரித்தாள். விரலை உதட்டில் வைத்து, தெரியும், நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று காட்டினாள். பிறகு திரும்பி அடுத்த எட்டை வைத்தாள்.

கல் எங்கே விழுந்தது என்று நான் பார்க்கவில்லை.

அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. முதலில் ஓடியவர் கங்காணிதான். கம்பளியைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு உள்ளே புகுந்து அம்மாவை இழுத்து வந்தார். அவர் முகமும் வீங்கி, ஒரு வாரம் கண் திறக்க முடியாமல் கிடந்தார். அம்மாவைப் படங்குச் சாக்கில் போட்டு நாலு பேர் சுமந்து இறங்கினார்கள். நான் மேட்டில் அப்படியே நின்றேன். அண்ணி கானிலிருந்து ஏறி வந்து, குழந்தையை என் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு, கொய்யா மரத்தடித் துணியை அவிழ்த்து ரவிக்கைக்குள் செருகினாள். எங்கள் துணியை மறைத்துவிட்டாள். பாறையோரத் துணி மட்டும் மிஞ்சியது. அம்மா மறுநாள் முற்பகல் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள்.

செத்த வீட்டில் பெண்கள் பேசியது சொல் மாறாமல் நினைவிருக்கிறது.

"இருவத்தஞ்சு வருசமா கொழுந்து எடுத்தவ. பட்டப்பகல்ல செவப்புத் துணியப் பாத்துட்டே அதுக்குள்ள போறான்னா, விதி கண்ணக் கட்டிருச்சுன்னுதானே அர்த்தம்?"

"சிரிச்சுக்கிட்டுல்ல போனாளாம்."

"யாரு கொண்டாந்த விதி?"

எல்லாக் கண்களும் மூலைக்குப் போயின. மூலையில் அண்ணி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அண்ணிக்கு எதுவும் தெரியாது. அம்மாவுக்கு எங்கள் ரகசியம் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது. அதனால் அம்மா ஏன் அந்தத் துணியை நோக்கி நடந்தாள் என்பது அவளுக்கும் விளங்கவில்லை. ஊர் சொல்வதை அவளும் நம்பத் தொடங்கியிருந்தாள். உலகத்திலேயே அந்தக் காரணம் தெரிந்த ஒரே ஆள் நான்.

நான் வாயைத் திறக்கவில்லை. பயம் என்று சொன்னால் அது பாதிதான். எப்போது பேசக்கூடாது என்று தெரிந்து வைத்திருப்பதும் கெட்டிக்காரத்தனத்தில் சேர்த்திதானே? கடிதத்தில் கெட்ட செய்தியை மாற்றி வாசித்தவள், இந்த முறை முழுக் கடிதத்தையும் மடித்து வைத்துக்கொண்டாள்.

காரியம் முடிந்ததும் அப்பா அண்ணியிடம், "கொஞ்ச நாளைக்கி ஒங்கம்மா வீட்டுல போயி இரு தாயி. ஊர் வாய மூட முடியல" என்றார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணி தகரப்பெட்டியைத் தலையில் வைத்து, கொழுகொழுவென்றிருந்த குழந்தையை இடுப்பில் வைத்து, கெலிஓயாப் பக்கம் போக இறங்கினாள். போகும்போது என் தாடையைத் தொட்டு, "நல்லாப் படி, பாப்பா" என்றாள். அவள் கையில் பூண்டு வாசம் இருந்தது.

நான் படித்தேன். தாயில்லாப் பிள்ளை, கெட்டிக்காரப் பிள்ளை, மலையில் கிடந்து வீணாகக் கூடாது என்று வாத்தியார் அப்பாவிடம் பேசினார். கண்டி நகரத்தில் சித்தி வீட்டில் விட்டார்கள். பிறகு கந்தோரில் எழுத்து வேலை, கலியாணம், பிள்ளைகள், குண்டசாலையில் வீடு, ஓய்வூதியம். என் அம்மாவின் சாவு எனக்கு வழி திறந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

அண்ணன் ஒரு வருடம் பொறுத்து கெலிஓயாவுக்கே போய் அண்ணியோடு இருந்துவிட்டான். அந்த மட்டில் அவன் ஆண்பிள்ளை. பட்டம் மட்டும் அண்ணியை விடவில்லை. என் கலியாணத்தன்று ஆரத்தித் தட்டை நான் அவளிடம்தான் நீட்டினேன். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "நா வேணாம் பாப்பா. எங் கை ராசி ஒனக்குத் தெரியுமே." எனக்குத் தெரியும். யாருக்குமே தெரியாதது எனக்குத் தெரியும். நான் தட்டை வேறொருத்தியிடம் கொடுத்தேன்.

போன மாதம் அண்ணிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு கெலிஓயாவுக்குப் போனேன். அந்தக் குழந்தைதான் ஆட்டோவில் வந்து என்னை பஸ் நிறுத்தத்தில் ஏற்றிக்கொண்டது. ஐம்பதைத் தாண்டிய ஆள், தொப்பை ஹேண்டிலில் இடிக்கிறது. வீட்டில் விட்டுவிட்டு அவன் ஆள் ஏற்ற ஹயருக்குப் போனான். அண்ணன் காலமாகி நாலு வருடம். நானும் அண்ணியும் மட்டும். அண்ணிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கதிரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பூண்டைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"அண்ணி, நீங்க ராசிகெட்டவ இல்ல" என்றேன்.

"இப்ப என்னாத்துக்கு அந்தப் பேச்சு?"

"அம்மாவுக்குத் தெரியும் அண்ணி. நாம பொய்த் துணி கட்டுனது. எட்டாம் நாளே நான் சொல்லிட்டேன். பாறைகிட்ட இருந்ததும் நான் கட்டுனதுன்னு நெனச்சுத்தான் போனாங்க. விதியும் இல்ல, ஒங்க ராசியும் இல்ல. நான்தான்."

அண்ணி உரித்த பல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதான் அந்தப் பூண்டா?" என்றாள்.

"ஆமா."

"என்னயப் புடிக்காமத்தான் செத்தாங்கன்னு நெனச்சிருந்தேன்." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இத்தன வருசமா வாய மூடிட்டு இருந்தியா? ஒங் கலியாணத்துலயும்?"

நான் தலையாட்டினேன். அண்ணி எழுந்து உள்ளே போனாள். பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது. எதையோ ஓங்கி வைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். என்னைப் போகச் சொல்வாள் என்று கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தேத்தண்ணியோடு வந்தாள். சீனி போடாத தேத்தண்ணி. என் வியாதியை மறக்கவில்லை.

"இன்னும் எதையோ முழுங்குற. அதையும் சொல்லிரு" என்றாள்.

"கத்தாம ஒரு கல்ல எறிஞ்சேன் அண்ணி. அதுக்குத்தான் அம்மா திரும்புனாங்க. அந்தக் கல்லு கூட்டுல பட்டுச்சா? நீங்க கானுக்குள்ளதானே இருந்தீங்க. பாத்தீங்களா?"

ஐம்பது வருடமாக என்னைத் தின்னும் கேள்வி அது ஒன்றுதான். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"பாத்தேன். கல்லு எங் காலடியில, கானுக்குள்ள வந்து விழுந்துச்சு. நல்லா நெனவிருக்கு. ஒங்கம்மா திரும்புனது கல்லுக்கு இல்ல. ஒன் தோள்ல புள்ள சிணுங்குச்சு, அந்தச் சத்தத்துக்குத்தான் திரும்புனாங்க. போ, தேத்தண்ணி ஆறுது."

குழந்தை அன்று தூங்கிக்கொண்டிருந்தது. எச்சில் என் தோளில் சூடாக இறங்கியது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணி ஒரு நொடியில், கண் இமைக்காமல், எனக்காக ஒரு புளுகைக் கட்டினாள். எங்கள் வீட்டில் கெட்டிக்காரி யார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சரி அண்ணி" என்றேன். தேத்தண்ணியைக் குடித்தேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பாள் அம்மா. இந்தப் புளுகு, எனக்கு மிச்சமிருக்கும் நாளுக்குப் போதும்.